பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள், அதற்கப்புறம் என்ன செய்வது?

கரும்பலகை:

எல்லாருக்கும் வணக்கம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு என்னுடையது. 22 பேர், கூட ஓர் உதவியாளர். பிள்ளைகளின் கேள்வியிலிருந்து தொடங்கும் வெளிப்புறக் கற்றல் என்று இந்த வருடம் பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். பயிற்சியில் கேட்டபோது அழகாகத்தான் இருந்தது. பிள்ளை தானாகக் கேட்கும், நாம் வழிவிட்டால் போதும், இயற்கையே ஆசிரியர், இப்படி. வகுப்பை விட்டு வெளியே கால் வைத்ததும் இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடப்பதைச் சொல்கிறேன். இலைகள் பற்றி ஏதாவது யோசித்து வைத்துக்கொண்டு போவேன். சுவர் ஓரம் கற்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு மரவட்டை ஊரும். இலையை அப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி தொடுவாள், அது சுருளும். "ஏன் மிஸ் சுருளுது?" என்று ஒரு குரல். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன், "பயம்டா அதுக்கு" என்பான். எல்லாருக்கும் அது போதும். எழுந்து ஓடிவிடுவார்கள். அதற்கு மேல் நான் ஏதாவது சொன்னால் மரியாதைக்கு ஒரு நிமிடம் நிற்பார்கள். அந்த விளக்கத்தை வகுப்பில் படம் காட்டியே சொல்லியிருக்கலாமே என்று எனக்கே தோன்றும். சும்மா இருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. இதற்கு நடுவில் ஒரு குச்சிக்கு இரண்டு பேர் சண்டை, செருப்பில் மண் படும் என்று ஒருத்தி என் கையை விட மாட்டாள்.

கேள்வி வந்த பிறகு நான் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்று, பாட நோக்கத்தை முதல் நாளே எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார். பிள்ளை நாளைக்கு என்ன கேட்கும் என்று இன்றைக்கே எப்படி எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்கை:

டீச்சர், 'இயற்கையே ஆசிரியர்' என்று சொன்னவரிடம் உங்கள் 22 பேரையும் ஒரு காலை நேரம் ஒப்படைத்துப் பாருங்கள். இயற்கை பாடம் நடத்தாது, அது பாட்டுக்கு இருக்கும். நடத்த வேண்டியவர் நீங்கள்தான். எங்கே நடத்துவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் சூட்சுமம். பணி ஓய்வு பெற்றவள், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஏன் சுருளுது?' நல்ல கேள்விதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை தன் கையாலும் கண்ணாலும் தேடிப் பிடிக்கக்கூடிய கேள்வி இல்லை அது. அதற்கு யாராவது பதில் சொல்லத்தான் முடியும். நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பையன் சொல்வான். சொல்லிவிட்டான். ஆட்டம் முடிந்தது.

அந்தப் பையனின் 'பயம்' எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதை மறுக்க வேண்டாம், "சரியாச் சொன்னே" என்று முத்திரையும் குத்த வேண்டாம். "சரி, பயம்னு வச்சுக்கலாம். எதுக்கெல்லாம் பயப்படுது?" என்று மட்டும் கேளுங்கள். இப்போது வேலை வந்துவிட்டது, பாருங்கள். விரலுக்குப் பயப்படுகிறதா, இலை நுனிக்கா? வாயால் மெல்ல ஊதினால்? ஒரு சொட்டுத் தண்ணீர் பக்கத்தில் விழுந்தால்? கை தட்டினால்? நிழல் மேலே விழுந்தால்? ஒவ்வொன்றுக்கும் முன்னால் "சுருளுமா, சுருளாதா?" என்று கையைத் தூக்கச் சொல்லுங்கள். சில நேரம் சுருளும், சில நேரம் கண்டுகொள்ளாமல் நடந்து போகும். அந்தக் கண்டுகொள்ளாமல் போகிற நேரம்தான் எனக்கு முக்கியம். "பயம்னா ஏன் இப்ப சுருளல?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைக்கு நீங்கள் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. சுருண்டது எவ்வளவு நேரம் கழித்து விரியும் என்று எல்லாரும் சேர்ந்து எண்ணலாம். எண்ணுகிறவர்களில் பாதிப் பேர் பதினொன்றுக்கு அப்புறம் பதின்மூன்றுக்குத் தாவுவார்கள். அதுவும் நல்லதுதான், எண்ணுவதற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

நெதர்லாந்துக் கல்வியாளர் யோஸ் எல்ஸ்ட்கேஸ்ட் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரை, ஆசிரியர் கேட்கும் கேள்விகளைப் பற்றியே பேசுகிறது. 'பார்த்தாயா' என்று கவனத்தைத் திருப்பும் கேள்வி, எத்தனை, எவ்வளவு என்னும் கேள்வி, இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்னும் கேள்வி, இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்னும் கேள்வி, இதை எப்படியாவது செய்ய முடியுமா என்னும் கேள்வி. 'ஏன்', 'எப்படி' இரண்டையும் அவர் எச்சரிக்கையோடு வரிசையின் கடைசிக்குத் தள்ளிவைத்தார். பரீட்சை வாசனை அடிக்கும் 'ஏன்' வந்தால் பிள்ளை மரவட்டையைப் பார்ப்பதை விட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இன்னொன்று, கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசின, அவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று விநாடி என்ன பெரிய நேரமா என்று நினைப்பீர்கள். 22 பேருக்கு நடுவில் நின்று காத்துப் பாருங்கள், உயிர் போகும்.

ஒருங்கிணைப்பாளரின் கோப்புக்கு வருவோம். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், எழுதிக் கொடுக்கலாம். நோக்கம் என்ற கட்டத்தில் 'இலையின் பாகங்கள்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். 'உற்றுப் பார்த்தல், முன்கூட்டி ஊகித்தல், இரண்டை ஒப்பிடுதல், பார்த்ததைச் சொல்லால் சொல்லுதல்' என்று எழுதுங்கள். இலை கிடைத்தாலும் மரவட்டை கிடைத்தாலும் அது பொருந்தும். கீழே போகும் இடம், எடுத்துப் போகும் சாமான், பிள்ளைகள் எந்தப் பக்கம் எல்லாம் போகலாம் என்று இரண்டு மூன்று வழி. இது ஏமாற்று வேலை இல்லை. நல்ல தயாரிப்பே இதுதான். உங்களுக்கு மரவட்டை பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை உடனே கொட்டாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள். புது இடம் என்றால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். அதே சுவர் ஓரம், அதே கற்குவியல், வாரத்துக்கு வாரம் போனால்தான் "போன தடவை இங்க ஈரமா இருந்துச்சு" என்ற பேச்சு வரும். ஒப்பிட ஒரு பழசு வேண்டுமே. போனதும் பத்து நிமிடம் ஓட விடுங்கள், ஓடி முடித்த கால்தான் உட்காரும். அப்புறம் 22 பேரையும் ஒரே பூச்சியைச் சுற்றி உட்கார வைக்காதீர்கள். ஐந்தாறு பேர் உங்களோடு, மற்றவர்கள் உதவியாளரோடு மண் தோண்டட்டும், குச்சி அடுக்கட்டும். நாளைக்கு வேறு ஐந்தாறு பேர். எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நாளில் தேட வேண்டும் என்று எந்தக் கல்வியாளரும் சொல்லவில்லை. செருப்பில் மண் படும் என்கிற அந்தப் பிள்ளைக்கு ஒரு சாக்குத் துண்டு கொடுங்கள், அதில் உட்கார்ந்து பார்க்கட்டும். இறங்க வேண்டும் என்று தோன்றும்போது இறங்குவாள்.

பைக்குள் நிறைய வேண்டாம். பூதக்கண்ணாடி இரண்டு, வெள்ளைத் தட்டு ஒன்று, சாக்பீஸ், ஒரு நூல்கண்டு. நூலை வெட்டித் தரையில் வட்டம் போட்டுக் கொடுத்தால், "இது உன் வட்டம், உள்ளே யார் யார் இருக்காங்கன்னு பாரு" என்று சொல்லலாம். குச்சிச் சண்டைக்காரர்களுக்கு இது நல்ல மருந்து.

மரவட்டை விஷயத்தில் ஒரு கவனம். அது கடிக்காது, ஆனால் சில வகைகள் உடலிலிருந்து ஒரு திரவத்தைக் கசியவிடும், தோலிலும் கண்ணிலும் எரிச்சல் வரும். ஆகவே தொடுவது இலை நுனியால், கண்ணைக் கசக்கக் கூடாது, உள்ளே போனதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கல்லைப் புரட்டுவது பெரியவர்கள் வேலை. எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து நம் பக்கமாகத் தூக்கினால் உள்ளே இருப்பது அந்தப் பக்கமாக ஓடும், கல் நமக்குத் தடுப்பாக இருக்கும். தட்டையான உடம்போடு விருட்டென்று ஓடுவது பூரான், அது கடிக்கும், எட்ட நின்று பார்ப்பதோடு சரி. பூரானுக்கு உடம்பின் ஒரு கணுவுக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடி. ஐந்து வயதுப் பிள்ளை இந்த வித்தியாசத்தைப் படம் பார்த்தே கண்டுபிடித்துவிடும்.

இதை எழுதும்போது ஒரு கூட்டம் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். மரவட்டைக்கு ஈரம் பிடிக்குமா, காய்ந்த இடம் பிடிக்குமா என்று அவர்களுக்குள் தகராறு. ஒரு பெரிய தட்டில் பாதிக்கு ஈரத் துணி, பாதிக்குக் காய்ந்த துணி போட்டு, நடுவில் சிலவற்றை விட்டோம். அநேகமாக எல்லாம் ஈரப் பக்கம் போய்ச் சேர்ந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. பேச்சு குறைவான பிள்ளை. "அந்தப் பக்கம்தான் நிழலா இருக்கு" என்றாள். பார்த்தால் உண்மைதான். என் நிழல் அந்தப் பாதியில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்துக்குப் போனதா, இருட்டுக்குப் போனதா? தட்டைத் திருப்பி வைத்து மறுபடி செய்தோம். அப்புறம் முழுத் தட்டையும் ஓர் அட்டையால் மூடிச் செய்தோம். ஒரு மரவட்டை ஈரமும் வேண்டாம், இருட்டும் வேண்டாம் என்று தட்டின் விளிம்பை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்தது. "அது வீட்டுக்குப் போக வழி தேடுது" என்று தீர்மானித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது என்பதைப் பெரிய வகுப்பில் சோதனைக் கட்டுப்பாடு என்று கற்றுக்கொடுப்பார்கள். அந்தச் சொல் தெரியாத ஒரு பிள்ளை அதைச் சொல்லிவிட்டுக் காலணியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இரட்டையர்அப்பா:

நான் ஆசிரியர் இல்லை, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் இரண்டு பிள்ளைகளும் படிக்கும் இடத்திலும் இதுதான் நடக்கிறது. மாலையில் "இன்னைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் படிக்கல, குச்சி பொறுக்கினோம்" என்கிறார்கள். பை முழுக்க மண். அதே வயதுப் பக்கத்து வீட்டுப் பிள்ளை முழு வாக்கியம் எழுதுகிறது. போன வாரம் ஒருத்தன் மரக்கட்டையிலிருந்து குதித்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். குறை சொல்ல வரவில்லை, கேட்கிறேன். இது ஒரு புது மோகம் இல்லையா? எழுத்தும் எண்ணும் எப்போது வரும்?

மண்கை:

தம்பி, நியாயமான கவலைதான். பெற்றோர் இப்படி நேராகக் கேட்பது நல்லது, மனதுக்குள் வைத்துக்கொண்டு திடீரென்று பள்ளியை மாற்றுவதைவிட.

மோகம் என்றால் ரொம்பப் பழைய மோகம். ஜெர்மனியில் ஃபிரோபெல் 1837-இல் சிறு பிள்ளைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அங்கே தோட்டம் அலங்காரத்துக்கு இருக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி, அதைச் சுற்றி எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். லண்டனில் டெப்ட்ஃபோர்டில் ரேச்சல் மெக்மில்லன், மார்கரெட் மெக்மில்லன் என்ற அக்காவும் தங்கையும் 1914-இல் திறந்தவெளி மழலையர் பள்ளி நடத்தினார்கள். ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், நோயும் நெரிசலும் நிறைந்த வீடுகள். காற்றும் வெயிலும் தோட்டமும் அந்தப் பிள்ளைகளுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தன. வெளியே கூட்டிப் போவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பின்னால் வந்தது.

எழுத்துக்கு வருகிறேன். 'குச்சி பொறுக்கினோம்' என்பதோடு அன்றைய வேலை நின்றுவிட்டால், நீங்கள் கவலைப்படுவது சரி, அது பள்ளியின் குறைதான். வெளியே பார்த்தது உள்ளே வந்து பேச்சாகவும் படமாகவும் எழுத்தாகவும் மாற வேண்டும். நான் பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதிப் பக்கத்தில் பெயரும் போடுவேன். தான் சொன்னது எழுத்தாக நிற்பதைப் பார்த்த பிள்ளை அடுத்த நாள் அந்த வரியில் தன் பெயரைத் தேடும். அப்புறம் பெயருக்கு முன்னால் இருக்கும் சொல்லைத் தேடும். படம் வரையச் சொல்லுங்கள், வெளியே போகும் முன் ஒன்று, உற்றுப் பார்த்துவிட்டு வந்த பின் ஒன்று. முதல் படத்தில் மரவட்டைக்கு ஒரு சிரித்த முகமும் நாலு காலும் இருக்கும். இரண்டாவதில் சிரிப்பு போய்க் கணுக்கள் வந்திருக்கும். இரண்டு தாளையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினால் எந்தப் பெற்றோரும் 'என்ன படித்தாய்' என்று கேட்க மாட்டார்கள்.

எண்ணுக்கும் அதுவே போதும். மரவட்டைக்கு ஆயிரம் கால் இருக்குமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். முட்டையிலிருந்து வரும்போது பெரும்பாலான வகைகளுக்கு மூன்று ஜோடிக் கால்தான், தோல் உரிக்க உரிக்கக் கணுவும் காலும் கூடும். ஆயிரத்தைத் தாண்டிய ஒரு வகை 2021-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பூமிக்கடியில் ஆழத்தில் வாழ்வது, 1,306 கால்கள். அதுவரை பதிவான அதிகபட்சம் 750. போட்டோவில் ஒரு கணுவுக்கு நாலு நாலாக எண்ணத் தொடங்கினால் கூட்டல் அங்கேயே நடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாக்கியம் எழுதுவது நல்லதே. ஆனால் என்ன எழுதுகிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். எழுதச் சொன்னதையா, சொல்ல நினைத்ததையா?

முழங்கால் விஷயம். நார்வேயில் எல்லன் சான்ட்செட்டர் என்ற ஆய்வாளர் பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, ஆபத்து கலந்த விளையாட்டை 2007-இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கூரான கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் பக்கம், கட்டிப் புரளுதல், பெரியவர் கண்ணில் படாமல் திரிதல். எந்த நாட்டுப் பிள்ளையும் இவற்றைத் தேடித்தான் போகும், கட்டிலிலிருந்தாவது குதிக்கும். பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது கட்டையின் உயரம் என்ன, கீழே என்ன தரை, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுதான். கண்ணாடித் துண்டு, ஆடும் கிளை, மூடாத தொட்டி இவையெல்லாம் பிள்ளை பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஆபத்து, பெரியவர்கள் முன்னாலேயே போய் அகற்ற வேண்டும். கட்டையின் உயரம் பிள்ளைக்கே தெரிகிற ஆபத்து. குதிக்கலாமா என்று அவன் யோசித்துத்தான் குதித்திருப்பான்.

தூரப்பார்வை:

ஒரு சிறு சேர்க்கை. கண் பரிசோதனைத் துறையில் இருக்கிறேன். சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2015-இல் வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதிக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதப் பிள்ளைகளுக்கும் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்கும் கிட்டப்பார்வை புதிதாக வந்திருந்தது. நீங்கள் பேசும் வயதைவிட அவர்கள் கொஞ்சம் பெரியவர்கள். கற்றல் எப்படி நடந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வெளியே இருந்ததற்கே இந்தப் பலன். இரட்டையர் அப்பா வீட்டில் சொல்ல ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று எழுதினேன்.

சிமெண்ட்முற்றம்:

மண்கை அம்மா எழுதுவதைப் படித்தால் ஆசையாக இருக்கிறது. எங்களுக்குக் கற்குவியலும் இல்லை, மரமும் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சிமெண்ட் தரை, அவ்வளவுதான். முதலில் இதை எப்படிச் செய்வது என்று நானும் மலைத்தேன். இப்போது பெரிய குறையாகத் தெரியவில்லை.

மழை விட்டதும் தரையில் அங்கங்கே தண்ணீர் தேங்கும். சாக்பீஸால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுவோம். கொஞ்ச நேரம் கழித்துப் போனால் தண்ணீர் கோட்டை விட்டு உள்ளே ஒடுங்கியிருக்கும், மறுபடி கோடு. நாலைந்து கோடு போட்டதும் தண்ணீர் எங்கே போனது என்ற விசாரணை தொடங்கும். "காக்கா குடிச்சிருக்கும்." "சிமெண்ட் குடிச்சிருக்கும்." சிமெண்ட் குடித்தது என்பதுதான் எங்கள் வகுப்பில் வலுவான கட்சி. அப்படியானால் சிமெண்ட் குடிக்க முடியாத இடத்தில் தண்ணீர் வைத்தால்? எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம், காக்கா குடிக்காமல் இருக்க ஒருவர் மாற்றி ஒருவர் காவல். அங்கும் குறைந்தது. சிமெண்ட் கட்சிக்குப் பெரிய அதிர்ச்சி. இன்னொரு தட்டைக் கண்ணாடி மூடியால் மூடி வைத்தபோது மூடியின் அடியில் முத்து முத்தாக நீர். 'ஆவியாதல்' என்ற சொல்லை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. "மேல போகப் பாத்துச்சு, மூடி பிடிச்சிருச்சு" என்று அவர்கள் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. இங்கே சிலர் சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள், சண்டைக்கு வரலாம்.

ஒரே ஆளின் நிழலைக் காலையிலும் உச்சி வேளையிலும் ஒரே இடத்தில் நிறுத்தி வரைவது, தரை வெடிப்பில் போகும் எறும்பு வரிசையின் குறுக்கே ஈரத் துணியால் ஒரு கோடு துடைத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது, இவையும் நடக்கும். எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நிற்கும், வாசனைத் தடம் அழிந்துவிடுகிறதே.

இன்னொன்று, சாமான்கள். சைமன் நிக்கல்சன் 1971-இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஓர் இடத்தில் நகர்த்த, மாற்ற, சேர்க்கக்கூடிய பொருள்கள் எத்தனை வகை இருக்கின்றனவோ, அந்த அளவுக்குத்தான் அங்கே கண்டுபிடிப்பும் நடக்கும் என்று. ஊன்றி வைத்த சறுக்குமரத்தில் சறுக்கலாம், அதோடு சரி. நாங்கள் பழைய குழாய்த் துண்டு, பலகை, டயர், வாளி, கயிறு என்று சேர்த்து வைத்தோம். வகுப்பில் பேசாத ஒரு பிள்ளை இருக்கிறான். "என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டால் பதில் வராது. குழாயின் சாய்வைக் கூட்டிக் கூட்டிப் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் கோடு போட்டுக்கொண்டே போனான். கேள்வி வாயால்தான் வர வேண்டும் என்று எழுதிய படிவத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மண்கை அம்மா, நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மண்கை:

படிவத்தில் 'பிள்ளை கேட்ட கேள்வி' என்ற இடத்தில், 'சாய்வைக் கூட்டினால் தூரம் கூடுமா?' என்று எழுதிப் பக்கத்தில் அந்தக் கோடுகளின் போட்டோவை ஒட்டுவேன். அவன் கேட்டதுதானே அது? கையால் கேட்டான்.

ஆவியாதல் சொல்லியிருக்கலாம் என்பது என் கட்சி, அடுத்த நாளாவது. தாங்களே கண்டதற்குப் பெரியவர்களும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அனுபவத்துக்கு முன்னால் சொல்லைக் கொடுப்பதுதான் வீண். பின்னால் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். சண்டை இத்துடன் முடிந்தது என்று நினைக்கிறேன்.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. 'எதுக்கெல்லாம் பயப்படுது' என்று கேட்டுப் பார்த்தேன். ஆறு பேரோடு உட்கார்ந்தேன், மற்றவர்கள் உதவியாளரோடு. ஊதினால் சுருளுமா என்பதில் பெரிய வாக்குவாதம், ஏனென்றால் ஊதியவன் எச்சிலும் சேர்த்துத் துப்பிவிட்டான். "காத்துக்கா, எச்சிலுக்கா?" என்று அவனிடமே கேட்டார்கள். காத்திருப்பது நீங்கள் சொன்னது போலவே பெரும்பாடு. உதவியாளர்தான் நடுவில் பதில் சொல்லிவிடுகிறார், பாவம், அவருக்கும் இந்தத் திரியை அனுப்பியிருக்கிறேன். எல்லா நாளும் இப்படி அமையவில்லை. அடுத்த தடவை போனபோது மரவட்டையே இல்லை, வெயிலில் கல் சுட்டது. 'எங்கே போச்சு' என்று கொஞ்ச நேரம் தேடிவிட்டுக் கயிறு இழுக்கப் போய்விட்டார்கள். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது புதுப் பிரச்சினை. மரவட்டை ராத்திரி தூங்குமா என்று கேட்கிறார்கள். ராத்திரி நான் எப்படிக் காட்டுவது? ஒரு நாள் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாமா?

மண்கை:

ஓர் இரவு வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் அதே கற்குவியல் பக்கத்து ஈர மண், மேலே அங்கே கிடந்த மக்கிய இலை, அதுதான் அதன் சாப்பாடு. மூடியில் துளை வேண்டும், வெயில் படக் கூடாது. இரண்டு மூன்று மரவட்டைகள் போதும். பூரானை உள்ளே விட்டுவிடாதீர்கள், காலையில் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

ராத்திரி விழித்திருக்க வேண்டாம். தொட்டியின் ஒரு பாதியில் இலை போடாமல் ஈர மண்ணைச் சலித்துப் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் வழவழப்பாகத் தடவிவிடுங்கள். காலையில் அதன் மேல் தடம் இருக்கிறதா, இல்லையா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். அதற்கு முன் மாலையிலேயே எல்லாரும் ஊகத்தைச் சொல்லித் தாளில் பெயர் போட்டுவிட வேண்டும். தடம் இருந்தால் "விடிஞ்சப்புறம் நடந்திருக்கும்" என்று ஒருத்தர் கட்டாயம் சொல்வார். அதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். நீங்கள் சீக்கிரம் வருகிறவர் என்றால், விடிந்ததும் ஒரு போட்டோவும் பிள்ளைகள் வந்ததும் ஒரு போட்டோவும் எடுத்து வைத்திருங்கள், அதுவும் அவர்கள் கேட்டால் மட்டும் காட்ட.